எந்தப் படியில் நின்றது?

டேட்டாபேஸை இணைக்க முடியவில்லை என்று ஒரு வலைத்தளம் சொன்னால், உடனே கான்ஃபிக் கோப்பைத் திறக்காதீர்கள். என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கோப்பைத் திறந்துவிட்டால் கை சும்மா இருக்காது. பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கும், ஹோஸ்ட் பெயரை மாற்றிப் பார்க்கும், யூசர் இருந்த இடத்தில் ரூட் என்று போட்டுப் பார்க்கும். சற்று நேரத்தில், முதலில் அங்கே என்ன இருந்தது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஒரு கோளாறோடு வந்த தளம் மூன்று கோளாறுகளோடு நிற்கும்.

கோயம்புத்தூரில் இருந்தபடி சிறிய, நடுத்தர வலைத்தளங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஜவுளிக்கடைக்காரர்கள், பம்பு உதிரிபாகம் விற்பவர்கள், கல்லூரிகள், ஓரிரு சிற்றிதழ்கள். “ஏனுங்க, சைட்டு தொறக்கவே மாட்டேங்குதுங்க, டேட்டாபேஸ் எரர்னு வருதுங்க” என்றுதான் பெரும்பாலான அழைப்புகள் தொடங்கும். அவர்கள் கண்ணில் படுவது ஒரே வரி. அதற்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களோ ஏராளம்.

வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் வெள்ளைப் பக்கத்தில் ‘எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்’ என்று மட்டும் வரும். வேர்ட்பிரஸை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் அவ்வளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். சர்வர் பெயரும் யூசர் பெயரும் வருகிற போகிறவர்கள் கண்ணில் படக் கூடாது. நல்ல முடிவுதான். ஆனால் பழுது பார்க்கிறவர் அந்த வரியோடு நின்றுவிடக் கூடாது. மைஎஸ்க்யூஎல் சொன்ன உண்மையான செய்தி பிஎச்பியின் எரர் லாகில் கிடக்கலாம். அங்கே இல்லாவிட்டால் டீபக் வசதியைச் சில நிமிடங்கள் இயக்கினால் தெரியும். நான் வழக்கமாகச் செய்வது இன்னும் எளிது. கான்ஃபிக்கில் இருக்கும் நான்கு மதிப்புகளையும், அதாவது டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் ஆகியவற்றை அப்படியே எடுத்து, தளம் ஓடுகிற அதே சர்வரின் டெர்மினலிலிருந்து கையால் இணைத்துப் பார்ப்பேன். என் லேப்டாப்பிலிருந்து இணைத்துப் பார்ப்பதில் பயனில்லை. முகவரி மாறினால் மைஎஸ்க்யூஎல்லைப் பொறுத்தவரை ஆளே வேறு.

அப்போது ஒரு எண் வரும். அந்த எண்ணை மதிக்கக் கற்றுக்கொண்டால் இந்தத் தொழிலில் பாதிப் பதற்றம் போய்விடும். மைஎஸ்க்யூஎல்லில் 2000 முதல் 2999 வரையிலான எண்கள் இணைக்கப் போகிற நம் பக்கத்திலிருந்து வருபவை. 1045, 1049 போன்ற ஆயிரத்துச் சொச்ச எண்கள் சர்வரிடமிருந்து வருபவை. ஆகவே 1045 வந்தால் எனக்குப் பாதி நிம்மதி. சர்வர் உயிரோடு இருக்கிறது, நெட்வொர்க் சரி, போர்ட் சரி, நம்மிடம் பேசிவிட்டுத்தான் மறுத்திருக்கிறது. 2002 அல்லது 2003 வந்தால் சர்வர் வரைக்கும் நாம் போய்ச் சேரவே இல்லை. அந்த நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பவர் தன் நேரத்தை வீணடிக்கிறார். பாஸ்வேர்டை யாரும் இன்னும் கேட்கவே இல்லை.

இணைப்பு என்பது ஒரே செயல் அல்ல. முதலில் ஹோஸ்ட் பெயர் முகவரியாக மாற வேண்டும். அந்த முகவரியில், வழக்கமாக 3306 என்ற போர்ட்டில், யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு, இந்த இடத்திலிருந்து வர அனுமதி உண்டா என்ற கேள்வி; இல்லையென்றால் 1130. அடுத்து யூசரும் பாஸ்வேர்டும்; தவறினால் 1045. அதையும் தாண்டினால், இந்த டேட்டாபேஸைத் தொட உரிமை உண்டா, அப்படி ஒரு டேட்டாபேஸ் இருக்கிறதா, 1044, 1049. நான் கேட்பது ஒரே கேள்வி: எந்தப் படியில் நின்றது? அதற்கு விடை தெரியும் வரை ஒரு எழுத்தைக்கூட மாற்றுவதில்லை.

2003 வந்தால் அதன் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. லினக்ஸில் 111 என்றால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. 110 என்றால் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’. ஒரு வீட்டு வாசலில் நின்று கூப்பிடும்போது “அப்படி யாரும் இங்க இல்லைங்க” என்று உள்ளிருந்து குரல் வருவது 111. எவ்வளவு கூப்பிட்டாலும் சத்தமே இல்லாதது 110. முதலாவதில் இயந்திரம் வரை போய்விட்டோம். போர்ட்டில்தான் ஆள் இல்லை. மைஎஸ்க்யூஎல் நின்றிருக்கும், அல்லது உபுண்டுவின் இயல்பான அமைப்பைப் போல பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று இருப்பதால் உள்ளூர் அழைப்புகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் ஃபயர்வால், அமேசான் போன்ற இடங்களில் செக்யூரிட்டி குரூப், இல்லாவிட்டால் முகவரியே தவறு. பிழை உடனே வந்ததா, நெடுநேரம் சுழன்றுவிட்டு வந்ததா என்று வாடிக்கையாளரிடம் போனிலேயே கேட்டுவிடுவேன். அந்தப் பதிலிலேயே எங்கே தேட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்தப் படிகளிலேயே அதிகம் குழப்புகிற சொல் லோக்கல்ஹோஸ்ட். அதுவும் 127.0.0.1 என்பதும் ஒன்றுதான் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு அப்படி இல்லை. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது நெட்வொர்க் பக்கமே போகாது. சாக்கெட் என்கிற ஒரு கோப்பு வழியாக இணைக்கும். 127.0.0.1 என்று எழுதினால்தான் போர்ட் வழியாகப் போகும். அந்த சாக்கெட் கோப்பு இருக்கும் இடம் ஊருக்கு ஊர் மாறும். உபுண்டு, டெபியன் சர்வர்களில் வார்-ரன் அடைவுக்குள் இருக்கும். ரெட்ஹேட் வகையில் வார்-லிப் அடைவுக்குள் இருக்கும். மேக் கணினியில் பெரும்பாலும் டெம்ப் அடைவில் கிடக்கும். ஒரு கல்லூரியின் தளத்தைப் பழைய சென்ட்ஓஎஸ் சர்வரிலிருந்து உபுண்டுவுக்கு மாற்றியிருந்தார்கள். கான்ஃபிக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பாஸ்வேர்டும் சரி, மைஎஸ்க்யூஎல்லும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் 2002. செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 2 என்று இருந்தது. லினக்ஸில் அதற்கு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பொருள். பழைய சர்வரின் பிஎச்பி அமைப்புக் கோப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதற்குள் பழைய சாக்கெட் பாதை உட்கார்ந்திருந்தது. அதே இடத்தில் 13 என்று வந்திருந்தால் கோப்பு இருக்கிறது, தொட அனுமதி இல்லை என்று பொருள். அப்போது தேட வேண்டிய இடமே வேறு.

நோட் ஜேஎஸ்ஸில் எழுதுகிறவர்களை இதே சொல் வேறு விதமாகப் பிடித்தது. 2021-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து, பெயருக்குக் கிடைக்கும் முகவரிகளை அது வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறது. அதனால் பல கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1 ஆகாமல் ::1 என்கிற ஐபிவி-6 முகவரியாக மாறியது. அங்கே டேட்டாபேஸ் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நிரலில் எதுவுமே மாறாமல் இணைப்பு அறுந்தது. டாக்கரில் ஓடும் தளத்திற்கோ லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்த கன்டெய்னரேதான். பக்கத்து கன்டெய்னரில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் அல்ல. கம்போஸ் கோப்பில் அதற்கு வைத்த சர்வீஸ் பெயரைத்தான் ஹோஸ்டாகக் கொடுக்க வேண்டும். டாக்கரில் இன்னொன்றும் உண்டு. கம்போஸ் கோப்பில் ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று கேட்பார்கள். அந்த மதிப்பு, டேட்டா அடைவு காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே படிக்கப்படும். வால்யூமில் பழைய தரவு இருக்கும் வரை பழைய பாஸ்வேர்டுதான் செல்லும்.

இனி 1045. “அண்ணா, பாஸ்வேர்டு கரெக்டாத்தான் இருக்கு. நாலு தடவை காப்பி பண்ணிப் பார்த்துட்டேன்” என்று ஒரு பெண் என்னிடம் வந்து நின்றார். லாராவெல் தளம். டெர்மினலில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது, தளத்தில் மறுக்கிறது. செய்தியை முழுதாகப் படிக்கச் சொன்னேன். ‘ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர்’ என்று தொடங்கி, யூசர் பெயர், அட் குறி, லோக்கல்ஹோஸ்ட், கடைசியில் ‘யூசிங் பாஸ்வேர்டு: யெஸ்’. அந்தக் கடைசிச் சொல்லை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘நோ’ என்று இருந்தால் தளம் பாஸ்வேர்டே அனுப்பவில்லை. கான்ஃபிக் கோப்பு படிக்கப்படவில்லை, அல்லது மாறியின் பெயரில் எழுத்துப்பிழை. ‘யெஸ்’ என்று இருந்தால் ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறது. எதை என்பதுதான் கேள்வி.

பாஸ்வேர்டைத் திரையில் அச்சிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம், அதன் நீளத்தை மட்டும் அச்சிடுங்கள் என்றேன். பாஸ்வேர்டு லாகில் பதிந்துவிட்டால் அது பிறகு எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீளம் போனால் பெரிய நஷ்டமில்லை. பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டுக்கு ஒன்பது என்று வந்தது. பத்தாவது எழுத்து # குறி. என்வ் கோப்பில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதிய மதிப்பில் # வந்தால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் குறிப்புரை என்று விட்டுவிடும். ஒன்பது எழுத்தும் ஒரு பாஸ்வேர்டுதானே, அதனால்தான் ‘யெஸ்’.

மேற்கோள் குறி போட்டார். அப்போதும் இணையவில்லை. முகம் வாடிப்போனது. நீளத்தை மறுபடி பார்க்கச் சொன்னேன், அதே ஒன்பது. கோப்பு மாறியும் தளத்துக்கு விஷயம் தெரியவில்லை என்றால், தளம் அந்தக் கோப்பைப் படிக்கவில்லை என்று பொருள். லாராவெல்லில் கான்ஃபிக் கேஷ் எடுத்துவைத்துவிட்டால், அதன் பிறகு என்வ் கோப்பு பக்கமே அது திரும்பாது. கேஷை அழித்ததும் தளம் வந்தது. இரண்டு கோளாறுகள் ஒன்றன் பின் ஒன்றாக இருந்த வழக்கு இது. நீளத்தை அளந்து பார்க்காமல் இருந்திருந்தால், மேற்கோள் குறி போட்டது பயன்படவில்லை என்று முடிவு செய்து சரியான திருத்தத்தையே திரும்பவும் அழித்திருப்பார். அதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

குறிகளால் வரும் தொல்லை பலவகை. பிஎச்பியில் இரட்டை மேற்கோளுக்குள் $ வந்தால் அடுத்து வரும் சொல்லை மாறி என்று எடுத்துக்கொள்ளும். இணைப்பையே முகவரி வடிவில் எழுதும் இடங்களில் பாஸ்வேர்டுக்குள் @ இருந்தால் அதை %40 என்று எழுத வேண்டும்; இல்லாவிட்டால் பாஸ்வேர்டின் பின்பாதி ஹோஸ்ட் பெயராகிவிடும். வாட்ஸ்அப்பிலும் வேர்டு கோப்பிலும் வந்த கான்ஃபிக் வரிகளில் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம் கண்ணுக்கே தெரியாது. இவை எல்லாவற்றையும் அந்த நீளச் சோதனை காட்டிக்கொடுக்கும். சிபேனல் ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸ் பெயருக்கும் யூசர் பெயருக்கும் முன்னால் கணக்கின் பெயர் ஒட்டிக்கொண்டுவரும். தளம் இடம் மாறும்போது அதை மறந்துவிடுவார்கள்.

1045-இல் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் அட் குறிக்குப் பின்னால் இருப்பது. மைஎஸ்க்யூஎல்லில் யூசர் என்பது பெயர் மட்டும் அல்ல, பெயரும் வந்த இடமும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் கடை-யூசரும், 10.0.0.5-லிருந்து வரும் கடை-யூசரும் இரண்டு பேர். இருவருக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு இருக்கலாம், வெவ்வேறு உரிமை இருக்கலாம். செய்தியில் அட் குறிக்குப் பின்னால் வருவது, நாம் எங்கிருந்து வருகிறோம் என்று சர்வர் நினைக்கிற இடம். கான்ஃபிக்கில் நாம் எழுதிய ஹோஸ்ட் அல்ல. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் 1045 வழக்குகள் பல அங்கேயே முடிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்காத வழக்கு ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம். ஒரு ஜவுளிக்கடை மாலையில் தள்ளுபடிச் செய்தியை எல்லா வாடிக்கையாளருக்கும் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பியது. சற்று நேரத்தில் தளம் விழுந்தது. 1040, ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’. மைஎஸ்க்யூஎல் இயல்பாக ஒரே நேரத்தில் 151 இணைப்புகளை ஏற்கும். அந்த எண்ணை ஆயிரமாக்கிவிடச் சொல்லி டெவலப்பர் போனில் அவசரப்படுத்தினார். கடைக்காரர் இன்னொரு போனில். அவருடைய ஆண்டு வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த வாரத்தில்தான் நடக்கும். அவர் குரலில் இருந்த நடுக்கம் எனக்குப் புரிந்தது.

எண்ணை உயர்த்தவில்லை. இணைப்பு ஒவ்வொன்றும் நினைவகம் கேட்கும். அந்தச் சிறிய சர்வரில் ஆயிரத்தைத் திறந்துவிட்டால் லினக்ஸே மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், ஆனால் எல்லா இடமும் நிரம்பியிருக்கும்போது உள்ளே போவது எப்படி? நிர்வாக உரிமை உள்ள யூசருக்காக மைஎஸ்க்யூஎல் கூடுதலாக ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கும். தளம் ரூட்டாக ஓடாமல் தனி யூசரில் ஓடியதால் அந்த இடம் காலியாக இருந்தது. ப்ராசஸ்லிஸ்ட் எடுத்துப் பார்த்தால் வரிசையாக ஒரே கொயரி. செல்பேசி எண்ணை வைத்துப் பழைய ஆர்டரைத் தேடுவது. ஆர்டர் டேபிளில் அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இல்லை. சாதாரண நாளில் இரண்டு மூன்று விநாடி ஆனாலும் யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு தேடலும் டேபிள் முழுவதையும் படித்து, மற்றதைத் தாமதப்படுத்தி, இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இண்டெக்ஸ் போட்டோம். காத்திருந்த வரிசை கரைந்தது, தளம் எழுந்தது. 151 அப்படியே இருந்தது, அந்தத் தீபாவளிக்கு அதுவே தாராளமாகப் போதுமானது.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றை ஓர் அலுவலக மென்பொருளில் பார்த்தேன். காலையில் முதலில் வருபவருக்கு மட்டும் பிழை வரும். பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். பகலெல்லாம் தொல்லை இல்லை. சீக்கிரம் வருகிற கணக்காளர் அம்மா ஒருவர்தான் தினமும் புகார் சொல்வார். மற்ற யாரும் நம்பவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. பயன்படாத இணைப்பை மைஎஸ்க்யூஎல் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் துண்டித்துவிடும். மாலை ஆறு மணிக்கு எல்லாரும் கிளம்பினால் இரவு இரண்டு மணிக்கு இணைப்புகள் போய்விடும். ஜாவா மென்பொருளின் கனெக்‌ஷன் பூலுக்கு அது தெரியாது. செத்த இணைப்பையே காலையில் எடுத்து நீட்டும். 2006, ‘சர்வர் ஹேஸ் கான் அவே’ என்ற செய்தியின் பின்னணி பல நேரங்களில் இதுதான். பூலில் இணைப்பின் ஆயுளை அந்த 8 மணி நேரத்துக்குக் குறைவாக வைத்தோம், தீர்ந்தது. நேரத்தையும் ஆளையும் குறித்துச் சொல்கிற பயனரின் புகாரை ஒருபோதும் தள்ளிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். லாகில் இல்லாத தகவல் அது.

டிஸ்க் நிரம்பி மைஎஸ்க்யூஎல் நின்றுவிடுவதும், நினைவகம் போதாமல் லினக்ஸ் அதைக் கொல்வதும் அடிக்கடி நடப்பவை. இரண்டிலும் தளம் காட்டும் செய்தி ஒன்றே. அதனால் 2002 வந்தால் சர்வீஸ் ஓடுகிறதா, டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மறுபடி ஓட வைத்துவிட்டு மட்டும் போய்விடாதீர்கள். கர்னல் லாகைப் படிக்காமல் விட்டால் நள்ளிரவில் திரும்ப நிற்கும்.

தமிழ்த் தளங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய கடைசிப் படி ஒன்று உண்டு. அதில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இணைப்பு கிடைக்கும், தளம் திறக்கும், எழுத்து மட்டும் சிதைந்திருக்கும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ் யுனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பு 2018-இல் வரும் வரை அதன் இயல்பான எழுத்து அமைப்பு லத்தீன்-1 ஆக இருந்தது. இணைப்பின் எழுத்து அமைப்பு லத்தீன்-1, டேபிளும் லத்தீன்-1 என்று இருந்தால், தமிழ் பைட்டுகளை என்னவென்றே தெரியாமல் வாங்கி வைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் எல்லாம் சரியாகவே தெரியும். ஒருநாள் புதிய ஹோஸ்டிங்குக்கு மாறி, கான்ஃபிக்கில் யுடிஎஃப்-8 என்று சரியாக எழுதிய அன்றைக்கு, கட்டுரைகள் எல்லாம் குப்பை எழுத்தாகத் தெரியும். ஒவ்வொரு குறியீடும் மூன்று விநோத எழுத்துகளாகப் பிரிந்து நிற்கும்.

ஒரு சிற்றிதழின் தளத்துக்கு இது நடந்தது. பல ஆண்டுக் கதைகளும் கட்டுரைகளும் அங்கேதான் இருந்தன. அச்சுப் பிரதிகள் பலவும் அவர்களிடமே இல்லை. ஆசிரியர் பேசும்போது எல்லாம் போய்விட்டது என்றே முடிவுகட்டியிருந்தார். போகவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, காரணம் அவர் அனுப்பிய படத்தில் இருந்தவை குப்பை எழுத்துகள், கேள்விக்குறிகள் அல்ல. டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறியாகப் பதிந்துவிட்டால் எழுத்து உண்மையிலேயே அழிந்துவிட்டது, பழைய பேக்கப் ஒன்றுதான் வழி. குப்பை எழுத்தாகத் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் தவறு. முழுப் பேக்கப் எடுத்துக்கொண்டு, ஒரு நகலில் அந்த ஃபீல்டுகளை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யுடிஎஃப்-8-எம்பி-4 எழுத்து வகைக்கு மாற்றினோம். நேரே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் மைஎஸ்க்யூஎல் குப்பையையே மொழிபெயர்த்து நிரந்தரமாக்கிவிடும். இடையில் பைனரி வைத்தால் பைட்டைத் தொடாது. முதல் கட்டுரை சரியான தமிழில் திரையில் வந்தபோது ஆசிரியர் அதைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சம்பளம் அதுதான்.

இவ்வளவையும் ஏன் படிப்படியாகச் சொல்கிறேன் என்றால், காரணம் தெரியாமல் இணைப்பைக் கொண்டுவர ஒரு குறுக்குவழி இருக்கிறது, பெரும்பாலோர் அதில்தான் போகிறார்கள். எல்லாக் கதவையும் திறந்துவிடுவது. ஹோஸ்ட் இடத்தில் % போட்டு எங்கிருந்தும் வரலாம் என்று அனுமதிப்பது, எல்லா உரிமையும் கொடுப்பது, பைண்ட் அட்ரஸை 0.0.0.0 ஆக்குவது, 3306-ஐ உலகத்துக்கே திறந்துவிடுவது. பிழை மறைந்துவிடும். எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. வேலை முடிந்த பிறகு வந்து மூடுகிறவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். 2017 ஜனவரியில், பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, திருப்பித் தரப் பணம் வேண்டும் என்ற செய்தி மட்டும் உள்ளே வைக்கப்பட்டது. அந்த ஆண்டின் கடைசியில் வந்த 3.6 பதிப்பிலிருந்துதான் மாங்கோடிபி, நாம் சொன்னால் ஒழிய வெளியார் அழைப்பைக் கேட்பதில்லை என்ற இயல்பமைப்புக்கு வந்தது.

ரூட்டைக் கான்ஃபிக்கில் போடுவதும் இதே குறுக்குவழிதான். உபுண்டுவில் ரூட் யூசரை மைஎஸ்க்யூஎல் பாஸ்வேர்டு வைத்துச் சோதிப்பதில்லை. இயங்குதளத்தில் ரூட்டாக உள்ளே வந்திருக்கிறாரா என்றுதான் பார்க்கும். அதனால் தளத்திலிருந்து ரூட்டாக இணைக்க முடியாது, 1698 என்று மறுக்கும். அந்த மறுப்பு நல்லதற்கு. அதைச் சுற்றிப்போக வழி தேடுவதற்கு ஆகும் நேரத்தில் ஒரே டேட்டாபேஸுக்கு உரிமையுள்ள தனி யூசரை உருவாக்கிவிடலாம். வெளியிலிருந்து டேட்டாபேஸைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் டனல் இருக்கிறது. பழுது பார்க்கும்போது வைத்த சோதனைக் கோப்புகளையும், கான்ஃபிக்கின் பெயருக்குப் பின்னால் ஓல்டு, பேக் என்று சேர்த்து வைத்த நகல்களையும் நீக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பிஎச்பி என்று முடியாத கோப்பை வெப் சர்வர் இயக்காது, கேட்கிறவருக்கு அப்படியே எழுத்தாகக் காட்டிவிடும். அதற்குள் பாஸ்வேர்டு இருக்கிறது.

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் யூசர் பட்டியலை எடுத்து, ஹோஸ்ட் ஃபீல்டில் % உள்ள வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் யாருக்காக, எதற்காகத் திறக்கப்பட்டது என்று உடன் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். பதில் கிடைக்காதவற்றை உடனே அழிக்க வேண்டாம். அக்கவுண்ட் லாக் செய்து வையுங்கள். ஒரு மாதச் சம்பளக் கணக்கும் மாதக் கடைசி அறிக்கைகளும் ஓடி முடிந்து, யாரும் போன் செய்யவில்லை என்றால், அதன் பிறகு நீக்கிவிடுங்கள்.